பழ ஈயில் புற்றுநோய் படிக்கத் தொடங்குபவருக்கு: சமிக்ஞைப் புரதம் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

புற்றுநோய் என்றதும் உடைந்த மரபணுதான் பெரும்பாலானவர்களின் நினைவுக்கு வரும். மரபணு கெட்டது, அதனால் புரதம் கெட்டது, அதனால் செல் கட்டுமீறிப் பெருகியது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சில சமயம் புரதத்தில் எந்தக் குறையும் இருக்காது. இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அது இருக்காது. அதற்கே ஒரு திசு கட்டியாக வீங்கிவிடும். இந்த மறுபாதியைக் கண்ணால் பார்த்துப் படிப்பதற்குப் பழ ஈயைப் போல வசதியான உயிர் குறைவு.

ஈ ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் முதுகலை மாணவரையும், செல் வளர்ப்பிலிருந்து ஈக்கு மாறும் ஆய்வாளரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடிப்படை மரபியல் தெரிந்திருந்தால் போதும்.

ஈக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு புதியதல்ல. இறக்கை இல்லாத ஈக்களை உண்டாக்கும் ஒரு பிறழ்வை ஆர். பி. சர்மா 1973-இல் விவரித்தார், அதுதான் விங்லெஸ். 1982-இல் ரோல் நுசாவும் ஹரால்ட் வார்மஸும், எலிகளில் மார்பகக் கட்டியை உண்டாக்கும் வைரஸ் அடிக்கடி போய் உட்காரும் இடத்தில் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அதற்கு இன்ட்-1 என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே மரபணுவின் இரு உயிர்களின் வடிவங்கள் என்று 1987-இல் தெரிந்தது. இறக்கையை உருவாக்கும் சமிக்ஞையும் கட்டியைத் தூண்டும் சமிக்ஞையும் ஒன்றுதான். இன்று அந்தக் குடும்பம் முழுவதையும் விண்ட் என்கிறோம். நாட்ச், ஹெட்ஜ்ஹாக் ஆகிய பாதைகளும் ஈயிலிருந்தே வெளிச்சத்துக்கு வந்தவை.

படி 1: புரதம் போகும் பாதையை வரைந்துகொள்ளுங்கள்

ஈயைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்கப்போகும் புரதம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக மேற்பரப்புக்கு வருகிறது, எங்கே போய் அழிகிறது என்று வரையுங்கள். இதைச் செய்யாமல் நேராகச் சோதனைக்கு இறங்குபவர்களுக்குப் படங்கள் குவியும், பதில் கிடைக்காது.

விங்லெஸ் புரதத்தை எடுத்துக்கொள்வோம். எண்டோபிளாச வலைப்பின்னலில் அது உருவாகும்போதே போர்குபைன் என்ற நொதி அதன்மீது ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டுகிறது. அந்தக் கொழுப்பு ஒட்டினால்தான் விண்ட்லெஸ் என்ற துணைப் புரதம் அதைப் பிடிக்கும். பிடித்து, கோல்கி வழியாகச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். விங்லெஸ் வெளியே போனதும் விண்ட்லெஸ் காலியாகிவிடும். அது மறுபடி உள்ளே இழுக்கப்பட்டு எண்டோசோமுக்குப் போகும்; உள்ளே வந்த புரதங்களைப் பிரித்து அனுப்பும் பை அது. அங்கிருந்து அதை மீட்டுக் கோல்கிப் பக்கம் திருப்பி அனுப்புவது ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டு. ரெட்ரோமர் இல்லாவிட்டால் விண்ட்லெஸ் லைசோசோமில் அழிந்துபோகும். விங்லெஸைச் சுமந்து வர ஆள் இருக்காது.

பெறும் செல்லின் கதை வேறு. ஏற்பிப் புரதம் மேற்பரப்பிலிருந்து வெசிக்கிள் என்ற சிறு குமிழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. முதல் நிறுத்தம் ராப்5 என்ற புரதம் இருக்கும் ஆரம்ப எண்டோசோம். அங்கே பாதை பிரியும். ராப்11 வழியே மீண்டும் மேற்பரப்புக்குப் போகலாம். இல்லையென்றால் எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டுகள் அதை எண்டோசோமின் உள்பக்கச் சிறு குமிழிகளுக்குள் தள்ளி, ராப்7 கட்டத்தைத் தாண்டி லைசோசோமில் அழியவிடும்.

நாட்ச் இந்தப் பாதையில் போகும்போது என்ன நடக்கிறது என்பதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. நாட்ச் ஓர் ஏற்பி. பக்கத்துச் செல்லில் உள்ள டெல்டா என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்தால் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட உள்பகுதி உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்கும். யாரும் இழுக்காத நாட்ச் சும்மா இருப்பதில்லை. அதைச் செல் தொடர்ந்து உள்ளே இழுத்து அழித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது இந்த வழியில் வெவ்வேறு இடங்களில் தடை போட்டுப் பாருங்கள்.

ராப்5 இல்லாவிட்டால் நாட்ச் எண்டோசோமுக்குள் நுழைய முடியாது. அதன் சமிக்ஞை குறைகிறது. எஸ்கார்ட் வரிசையில் முதலில் வரும் எச்ஆர்எஸ் இல்லாவிட்டால் நாட்ச் உள்ளே வந்து குவியும், ஆனால் அளவுக்கு மீறி இயங்குவதில்லை. அடுத்து வரும் டிஎஸ்ஜி101 அல்லது விபிஎஸ்25 இல்லாவிட்டால் நாட்ச் வீங்கிய எண்டோசோமில் சிக்கிக்கொண்டு, டெல்டா தொடாமலேயே வெட்டுப்பட்டு, சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்றிலும் நாட்ச் மரபணு அப்படியே இருக்கிறது. குவிந்த இடம் மட்டுமே வேறு. 'நாட்ச் அதிகமாகத் தெரிகிறது' என்று குறிப்பேட்டில் எழுதுவதால் ஒன்றும் விளங்காது என்பதற்கு இதுவே போதும். எங்கே அதிகம் என்று எழுதுங்கள்.

படி 2: மரபணுவைத் தேர்ந்தெடுத்து ஈக்களை வரவழையுங்கள்

ஈ மரபணுக்களுக்கான பொதுத் தகவல் தளம் ஃபிளைபேஸ். உங்கள் மரபணுவின் பிறழ்வுகள், அது எந்தத் திசுவில் இயங்குகிறது, யாரிடம் எந்த ஈ வகை கிடைக்கும் என்ற எல்லாமே அங்கே இருக்கும். மனித மரபணுவிலிருந்து தொடங்குகிறீர்கள் என்றால் டையாப்ட் என்ற கருவியில் இட்டு ஈயில் அதன் இணையைத் தேடலாம். மனிதனில் நோயோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயில் இணை உண்டு.

தேடும்போது பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஈக்காரர்கள் பெயர் வைப்பதில் கை தேர்ந்தவர்கள். ஒரே மரபணுவை மூன்று குழுக்கள் கண்டுபிடித்தால் மூன்று பெயர் இருக்கும். விண்ட்லெஸ், ஈவி, ஸ்பிரின்டர் மூன்றும் ஒன்றே. ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி இலக்கியம் கண்ணில் படாது.

ஈக்களை அமெரிக்காவின் புளூமிங்டன், ஆஸ்திரியாவின் வியன்னா, ஜப்பானின் கியோட்டோ ஆகிய இடங்களில் உள்ள ஸ்டாக் மையங்களிலிருந்து வாங்கலாம். தொடக்கத்துக்கு ஆர்என்ஏஐ வகைகளே எளிது; அவை மரபணுவின் ஆர்என்ஏவை அழித்து அதை அடக்குபவை. ஒவ்வொரு மரபணுவுக்கும் குறைந்தது இரண்டு வகைகளை, அதுவும் மரபணுவின் வெவ்வேறு பகுதியைக் குறிவைப்பவையாக, கேட்டு வாங்குங்கள். ஒன்றில் மட்டும் விளைவு தெரிந்தால் அதை நம்பவேண்டாம். வியன்னாவின் கேகே தொகுப்பில் சில வகைகளில் 40டி என்ற இடத்திலும் ஒரு செருகல் இருக்கும். அது தானாகவே இறக்கையைக் கெடுக்கக்கூடியது. உங்கள் வகை அப்படிப்பட்டதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

புதிதாக வரும் குப்பிகளை வந்த அன்றே மற்றவற்றோடு வைத்துவிடாதீர்கள். தனியாக வைத்து, உண்ணிப் பூச்சி இல்லை என்று உறுதியான பிறகு சேருங்கள். ஆய்வகம் முழுக்க உண்ணி பரவினால் உங்கள் பெயரை எல்லோரும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

படி 3: ஈயோடு பழகுங்கள்

25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து ஈயாக வெளிவர ஏறத்தாழ 10 நாள். 18 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். ஸ்டாக்குகளை 18-இல் வைத்தால் பராமரிப்பு வேலை குறையும். கிராஸ்களை, அதாவது இரு வகை ஈக்களைச் சேர்த்துப் போடும் கலப்புகளை, 25 அல்லது 29-இல் வையுங்கள்.

கிராஸ் போட வர்ஜின் பெண் ஈக்கள் வேண்டும். 25 டிகிரியில் வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் எடுத்துவிடவேண்டும். அப்போதுதான் பிறந்தவை வெளிறி இருக்கும், வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருந்தால் சந்தேகம் வேண்டாம். ஆணுக்கு முன்னங்காலில் கறுப்புச் சீப்பு போன்ற மயிர்வரிசை இருக்கும், வயிற்றின் நுனி கறுத்து உருண்டிருக்கும். இரண்டொரு வாரத்தில் கண் பழகிவிடும்.

பேலன்சர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இவை பல தலைகீழ்த் திருப்பங்கள் கொண்ட குரோமோசோம்கள். எதிரே இருக்கும் குரோமோசோமோடு கலப்பு நடக்கவிடாது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் உண்டு. சைஓ என்ற பேலன்சர் இருந்தால் இறக்கை சுருண்டிருக்கும். டிஎம்6பி என்ற பேலன்சரில் பெரும்பாலும் டியூபி என்ற அடையாளப் பிறழ்வு இருக்கும். அதுள்ள புழுக்கள் குட்டையாகத் தடித்துக் காணும். நாம் புழுவில்தான் வேலை செய்யப்போகிறோம் என்பதால் டியூபி பெரிய உதவி: மெலிந்து நீண்ட புழுவை எடுத்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

படி 4: பாதி இறக்கையில் மட்டும் தடை போடுங்கள்

கேல்4–யூஏஎஸ் முறையை ஆண்ட்ரியா பிராண்டும் நார்பெர்ட் பெரிமானும் 1993-இல் வெளியிட்டார்கள். ஒரு பெற்றோரில் கேல்4 என்ற, மரபணுவை இயக்கும் புரதம் குறிப்பிட்ட திசுவில் மட்டும் உருவாகும். மற்றப் பெற்றோரில், கேல்4 வந்து ஒட்டும் டிஎன்ஏத் துண்டான யூஏஎஸ்-க்குப் பின்னால் நமக்கு வேண்டியது இருக்கும். குஞ்சுகளில் இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் அது இயங்கும்.

எந்த டிரைவரை, அதாவது எந்தக் கேல்4 வகையைப் பயன்படுத்துவது? என் விருப்பம் என்கிரெயில்டு கேல்4. அது இறக்கை வட்டின் (புழுவுக்குள் இருந்து பின்னால் இறக்கையாகும் திசு) பின்பாதியில் மட்டும் இயங்கும். முன்பாதி தொடப்படாமல் அப்படியே இருக்கும். ஒரே புழு, ஒரே வட்டு, ஒரே ஆன்டிபாடி, ஒரே கண்ணாடித் தகடு; நடுவில் கோடு போட்டதுபோல ஒரு பக்கம் சோதனை, மறுபக்கம் கன்ட்ரோல். சாயம் சரியாக ஏறவில்லையோ, லேசர் கூடிவிட்டதோ என்ற வாதமே எழாது. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

புரதப் போக்குவரத்தை நடத்தும் மரபணுக்கள் பலவும் செல் உயிர்வாழத் தேவையானவை. தொடக்கத்திலிருந்தே அணைத்தால் புழு இறந்துவிடும் அல்லது பின்பாதியே காணாமல் போய்விடும். அதற்குத்தான் வெப்பநிலை உணரும் கேல்80. 18 டிகிரியில் அது கேல்4-ஐ அடக்கி வைத்திருக்கும்; 29-க்கு மாற்றினால் தானே செயலிழந்து கேல்4-ஐ விட்டுவிடும். புழுக்களை 18-இல் வளர்த்து, வெட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு 29-க்கு மாற்றுங்கள். எத்தனை மணி நேரம் என்பது ஒவ்வொரு மரபணுவுக்கும் மாறும். 24, 36, 48 என்று மூன்று நேரங்களில் முயன்று, விளைவு தெரியவேண்டும் ஆனால் செல்கள் கொத்தாகச் சாகக்கூடாது என்ற இடத்தைப் பிடியுங்கள்.

கன்ட்ரோல் கிராஸில் வெறும் காட்டு வகை ஈயைப் போடாதீர்கள். கேல்4-இன் அளவு ஓர் எல்லைக்கு உட்பட்டது. யூஏஎஸ்-களின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறையும். சோதனையில் இரண்டு யூஏஎஸ் இருந்தால் கன்ட்ரோலிலும் இரண்டு இருக்கட்டும், ஒன்று வெறுமனே பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் ஆனாலும் சரி.

படி 5: முதலில் வளர்ந்த ஈயின் இறக்கையைப் பாருங்கள்

கான்ஃபோக்கல் நுண்ணோக்கிக்கு ஓடுவதற்கு முன் கிராஸில் சில குப்பிகளை ஈயாக வெளிவரும்வரை விட்டுவையுங்கள். செலவே இல்லாத சோதனை இது. இறக்கையின் விளிம்பு கடித்தெடுத்ததுபோல் இருந்தால், விளிம்பு மயிர்கள் உதிர்ந்திருந்தால், விங்லெஸ் சமிக்ஞை குறைந்திருக்கிறது.

ஆனால் நாட்ச் குறைந்தாலும் அதே வெட்டுதான் வரும். இறக்கையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேரும் கோட்டில் விங்லெஸை இயக்குவதே நாட்ச்தான். அதனால் வெட்டுப்பட்ட இறக்கையை வைத்து எந்தப் பாதை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏதோ நடக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வட்டுக்குப் போங்கள்.

படி 6: வட்டை எடுத்து, இரண்டு விதமாகச் சாயமிடுங்கள்

இறக்கை வட்டு என்பது புழுவுக்குள் இருக்கும் ஒற்றை அடுக்குச் செல் பை. சில பத்துச் செல்களில் தொடங்கி, மூன்றாம் பருவத்தின் முடிவில் ஏறத்தாழ 50,000 செல்களாகப் பெருகும். இவ்வளவு வேகமாக, ஆனாலும் சரியான அளவில் நின்றுவிடும் பெருக்கம். புற்றுநோய்க் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான திசு எது?

உணவை விட்டு வெளியேறிக் குப்பியின் சுவரில் ஊரும் புழுவை எடுங்கள். பனிக்கட்டியில் வைத்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி, உடலின் பின்பாதியை வெட்டிவிடுங்கள். ஒரு இடுக்கியால் வெட்டுவாயைப் பிடித்து, வாய்ப்பக்கத்தை உள்ளே தள்ளித் தோலை உள்புறம் வெளியாகப் புரட்டுங்கள். குடலையும் கொழுப்பையும் நீக்குங்கள். பக்கவாட்டில் ஓடும் பெரிய மூச்சுக்குழலில் ஒட்டிக்கொண்டு வட்டுகள் தெரியும். இப்போதே பிரிக்கவேண்டாம். சாயமிடும் வேலை எல்லாம் முடிந்து, தகட்டில் ஏற்றும்போது பிரித்தால் போதும், இடையில் தொலைந்துபோகாது.

முதல் சாயமுறை வழக்கமானது. 4 சதவீதப் பாராபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வைத்து நிலைப்படுத்துங்கள். இது நச்சு, கையுறையோடு, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். பிறகு டிரைட்டான் கலந்த பிபிஎஸ்-இல் கழுவி, முதல் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் கழுவிவிட்டு, ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி. டிரைட்டான் செல்லின் சவ்வைத் துளைத்துவிடுவதால் ஆன்டிபாடி உள்ளும் புறமும் போகும். விங்லெஸுக்கு 4டி4 என்ற ஆன்டிபாடியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹைப்ரிடோமா வங்கியில் கிடைக்கிறது. நாட்ச்சின் வெளிப்பகுதிக்கும் உள்பகுதிக்கும் தனித்தனி ஆன்டிபாடிகள் அதே இடத்தில் உண்டு. இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறையைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பதில் இருக்கிறது. நிலைப்படுத்துவதற்கு முன்பு, உயிரோடு இருக்கும் வட்டைப் பனிக்கட்டியின் மேல் வைத்து ஆன்டிபாடியில் ஊறவிடுகிறோம். டிரைட்டான் கிடையாது, அதனால் ஆன்டிபாடி செல்லுக்குள் நுழையாது. குளிரில் செல் எதையும் உள்ளே இழுக்காது. ஆகவே வெளியில் இருக்கும் புரதம் மட்டுமே சாயம் ஏறும். கழுவி, நிலைப்படுத்தி, அப்புறம் வழக்கம்போல இரண்டாம் ஆன்டிபாடி. இதற்கு ஆன்டிபாடியைப் பல மடங்கு செறிவாகப் போடவேண்டியிருக்கும். கழுவும் கரைசலும் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். இடையில் வட்டு சூடானால் உள்ளிழுப்பு தொடங்கிவிடும், முழுச் சோதனையும் வீண்.

இரண்டு முறைகளையும் ஒரே கிராஸின் புழுக்களில் ஒரே நாளில் செய்யுங்கள். படமெடுக்கும்போது ஒரு வட்டின் ஒரே தளத்தை மட்டும் எடுக்காதீர்கள். விங்லெஸ் வெளியே பரவுவது பெரும்பாலும் செல்லின் பக்கவாட்டிலும் அடிப்புறத்திலும்தான் தெரியும். மேல்தளத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக எடுத்து, குறுக்குவெட்டாகவும் பாருங்கள்.

படி 7: எங்கே சிக்கியது என்று வாசியுங்கள்

இப்போது கையில் மூன்று தகவல்கள் இருக்கும்: மொத்த விங்லெஸ், வெளியே உள்ள விங்லெஸ், சமிக்ஞை போய்ச் சேர்ந்ததா என்பதற்கான அடையாளம். கடைசியதற்கு சென்ஸ்லெஸ் புரதம் நல்லது. விங்லெஸ் அதிகமாகக் கிடைக்கும் விளிம்புச் செல்களில் அது எழும்.

தயாரிக்கும் செல்லுக்குள் விங்லெஸ் நிறைந்து கிடக்கிறது, வெளியே இல்லை, சென்ஸ்லெஸும் இல்லை என்றால் வெளியேறும் பாதையில் தடை. எந்தக் கட்டத்தில் என்று பார்க்க, எண்டோபிளாச வலைப்பின்னலின் அடையாளப் புரதத்தோடும் கோல்கியின் அடையாளமான ஜிஎம்130-ஓடும் சேர்த்துச் சாயமிடுங்கள். அடுத்து விண்ட்லெஸின் அளவைப் பாருங்கள். அது சரிந்திருந்தால் ரெட்ரோமர் பக்கம் சந்தேகம் போகட்டும். விண்ட்லெஸைக் கூடுதலாகக் கொடுத்து விளைவு ஓரளவு சரியாகிறதா என்று சோதித்தால் விடை கிடைக்கும்.

விங்லெஸே இல்லை என்றால் போக்குவரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அது தயாராகவே இல்லை. விங்லெஸ் மரபணு இயங்குகிறதா என்று காட்டும் லாக்-இசட் ரிப்போர்ட்டரை வைத்துப் பாருங்கள். அதுவும் அணைந்திருந்தால் பிரச்சினை நாட்ச்சில். விங்லெஸ் உள்ளேயும் வெளியேயும் இயல்பாக இருந்து சென்ஸ்லெஸ் மட்டும் குறைந்தால், பெறும் செல்லின் ஏற்பிகளைத் தேடுங்கள்.

நாட்ச்சுக்கு இன்னொரு சோதனை உண்டு. உயிருள்ள வட்டில் நாட்ச்சின் வெளிப்பகுதிக்கான ஆன்டிபாடியை குளிரில் ஒட்டவைத்து, கழுவி, அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சில நிமிடம், அரை மணி, சில மணி நேரம் என்று வெவ்வேறு இடைவெளிகளில் நிலைப்படுத்துவது. ஏற்பி மேற்பரப்பிலிருந்து உள்ளே போய் மறைவதை நேரத்தோடு பார்க்கலாம். இயல்பான செல்லில் சாயம் புள்ளிகளாக உள்ளே போய்ப் பிறகு அழியும். ராப்5 இல்லாத செல்லில் மேற்பரப்பிலேயே நிற்கும். எஸ்கார்ட் இல்லாத செல்லில் பெரிய பொட்டுகளாக உள்ளே தங்கிவிடும். ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாததை இது சொல்லும்.

ஓர் எச்சரிக்கை: வெளியே பரவுவது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. 2014-இல் ஷான்-போல் வின்சென்ட்டின் குழு, விங்லெஸை சவ்வோடு கட்டிப்போட்டு, பரவ முடியாதபடி செய்த ஈக்களை உருவாக்கியது. வளர்ச்சி தாமதமானாலும் அவற்றுக்கு ஏறக்குறைய இயல்பான இறக்கைகள் வந்தன. எவ்வளவு தூரம் பரவவேண்டும் என்ற விவாதம் அதிலிருந்து சூடாகவே இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டில் 'விங்லெஸ் பரவாததால் இறக்கை வளரவில்லை' என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கட்டி உண்டாகிறதா?

இதுவரை ஆர்என்ஏஐ. கட்டியைப் படிக்கக் குளோன்கள் வேண்டும்: இயல்பான செல்களுக்கு நடுவே பிறழ்ந்த செல்களின் தீவுகள். ஃபிளிப் என்ற நொதி எஃப்ஆர்டி என்ற இடங்களில் குரோமோசோம்களை வெட்டி மாற்றி ஒட்டும் ஃபிளிப்–எஃப்ஆர்டி முறையில் இதைச் செய்கிறோம். பிறழ்ந்த செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரவேண்டும் என்றால் மார்க்கம் முறை. இதற்கான ஈக்களைக் கட்டுவதற்கு மாதக்கணக்கில் கிராஸ் போடவேண்டியிருக்கும். அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

2005-இல் ஒரே காலத்தில் பல குழுக்கள் எஸ்கார்ட் மரபணுக்களில் இதைச் செய்தன. கிடைத்தது விசித்திரமான படம். விபிஎஸ்25 இல்லாத செல்களில் நாட்ச் எண்டோசோமில் குவிந்து இயங்குகிறது. அதனால் அந்தச் செல்கள் அன்பெயர்டு என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. அது பக்கத்தில் உள்ள இயல்பான செல்களைப் பெருகச் சொல்கிறது. கண் பெரிதாகிறது. வெட்டிப் பார்த்தால் பெருத்திருப்பவை பெரும்பாலும் குற்றமற்ற செல்கள். பிறழ்ந்த செல்கள் பலவும் செத்துக்கொண்டிருக்கின்றன. இயல்பான செல்களை அகற்றிவிட்டு, வட்டு முழுவதையும் பிறழ்ந்த செல்களால் நிரப்பினால், அப்போது அவையே ஒழுங்கிழந்து கட்டியாக வளர்கின்றன. குளோன் படத்தில் எது பச்சை, எது பச்சை இல்லை என்பதை எவ்வளவு கவனமாகப் பார்க்கவேண்டும் என்பது இங்கே புரியும்.

ராப்5-உம் கட்டியை உண்டாக்கும். நாட்ச் சமிக்ஞை அங்கே குறைகிறது என்று முன்பு சொன்னேனே, பிறகு எப்படி? உள்ளே போய் அழியவேண்டிய இன்னொரு புரதமான கிரம்ப்ஸும் மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. செல்லின் மேல்முகம் எது, அடிமுகம் எது என்று தீர்மானிப்பது கிரம்ப்ஸ். அது அளவுக்கு மீறினால் செல் தன் திசையை இழக்கிறது; அடுக்கு குலைந்து செல்கள் குவியல் குவியலாக வளர்கின்றன. அதனால் ஒரு போக்குவரத்து மரபணு கட்டியைத் தந்தால், நீங்கள் முதலில் நினைத்த புரதம்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பாதையில் நூறு புரதங்கள் போகின்றன. நாட்ச்சையும் சேர்த்து நீக்கிப் பாருங்கள். கட்டி நின்றால் நாட்ச், நிற்காவிட்டால் வேறொன்று.

கட்டி பரவுகிறதா என்று பார்க்க, செல்லின் திசையைக் காக்கும் ஸ்கிரிபிள் மரபணுவை நீக்கி, செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் புரதத்தின் எப்போதும் இயங்கும் வடிவத்தையும் சேர்ப்பது 2003 முதல் வழக்கத்தில் உள்ள முறை. ஸ்கிரிபிள் மட்டும் இல்லாத செல்களை, சுற்றிலும் இயல்பான செல்கள் இருந்தால், ஜேஎன்கே என்ற சமிக்ஞைப் பாதை கொன்றுவிடும். ஈகர் என்ற சமிக்ஞைப் புரதம் எண்டோசோமுக்குள் இழுக்கப்பட்டு அங்கிருந்து ஜேஎன்கேயைத் தூண்டுவதே அதற்குக் காரணம். கூடவே இயங்கும் ராஸ் இருந்தால் அதே ஜேஎன்கே செல்லைக் கொல்வதற்குப் பதில் ஊடுருவத் தூண்டுகிறது. கண் வட்டில் தொடங்கும் பச்சைச் செல்கள் மூளையைத் தாண்டி வயிற்றுப்பக்க நரம்புத் தண்டில் தெரிந்தால் ஊடுருவல் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் புழுக்கள் உரிய நாளில் கூட்டுப்புழு ஆகாமல் ஊதிப் பெரிதாகும். ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒரே வயதுப் புழுக்களை எடுங்கள். ஆறாம் நாள் கன்ட்ரோலையும் பத்தாம் நாள் கட்டியையும் பக்கத்தில் வைத்தால் அது நியாயமில்லை.

படி 9: மனிதரைப் பற்றி எதைச் சொல்லலாம்

ஈக்குத் தகவமை நோயெதிர்ப்பு இல்லை. நம்மைப் போன்ற மூடிய இரத்த நாளங்களும் இல்லை. இரத்தம் உடற்குழியில் திறந்து ஓடுகிறது. ஆகவே ஈயின் 'பரவல்' மனிதப் புற்றுநோயின் பரவலுக்கு முழு இணை ஆகாது. பாதைகளிலும் வேறுபாடு உண்டு. ஹெட்ஜ்ஹாக் பாதையில் ஸ்மூதன்டு புரதம் ஈயில் செல் மேற்பரப்புக்கு நகரும். முதுகெலும்புள்ளவற்றில் சிலியா என்ற ஒற்றை மயிரிழைக்குள் நகரும். அங்கே போக்குவரத்துக்கு வேறு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

டிஎஸ்ஜி101 இன்னொரு பாடம். ஈயில் அதன் இழப்பு கட்டியைத் தருகிறது. மனித மார்பகப் புற்றுநோயில் அந்த மரபணு அறுபட்டிருப்பதாக 1997-இல் அறிவிக்கப்பட்டது. விரைவிலேயே மற்றக் குழுக்கள் தேடியபோது டிஎன்ஏவில் அப்படி எதுவும் இல்லை. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது வந்த குளறுபடிதான் அப்படித் தோன்றியது. மனித மரபணுவின் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் 'புற்றுநோய் மரபணு' என்று எழுதிவிடாதீர்கள்.

நேரடியாகப் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. டி செல் வகைக் கடும் இரத்தப் புற்றுநோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நாட்ச்1-இல் பிறழ்வு உண்டு என்று 2004-இல் தெரிந்தது. சில பிறழ்வுகள் இழுப்பார் இல்லாமலே அதை வெட்டுப்பட வைக்கின்றன, சில அது அழிவதைத் தடுக்கின்றன. ஈயின் எஸ்கார்ட் இல்லாத செல்லில் நாட்ச் இழுப்பார் இல்லாமல் இயங்குவதைப் பார்த்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஹெட்ஜ்ஹாக் பாதையில் ஸ்மூதன்டை அடக்கும் விஸ்மோடெகிப், ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. போர்குபைனைத் தடுக்கும் மருந்துகள் மனிதச் சோதனைக்குப் போயிருக்கின்றன. இங்கே தடை எந்த இடத்தில் என்ற கேள்வி மருத்துவக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. விண்ட் ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து அகற்றும் ஆர்என்எஃப்43 பிறழ்ந்த கட்டியில் அந்த ஏற்பிகள் மேற்பரப்பில் குவிந்து, வெளியிலிருந்து வரும் விண்டை நம்பியிருக்கும். அங்கே விண்ட் வெளியேறுவதைத் தடுப்பதில் அர்த்தம் உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் கெடுவது ஏபிசி மரபணு. அது ஏற்பிக்குப் பின்னால், செல்லுக்குள் வேலை செய்வது. வாசலில் விண்டை நிறுத்துவதால் அங்கே பெரிய பலனை எதிர்பார்ப்பது கடினம். இந்த மருந்துகள் எலும்பைப் பலவீனப்படுத்தவும் செய்கின்றன, ஏனென்றால் எலும்பு வளர்வதற்கும் விண்ட் தேவை.

நோயாளியிடம் கண்ட ஒரு பிறழ்வு உண்மையில் கெடுதல் செய்கிறதா என்று கேட்டு மருத்துவர்கள் வந்தால், ஈயில் அதற்கு வழி இருக்கிறது. ஈயின் மரபணுவை நீக்கி, இயல்பான மனித வடிவத்தை வைத்து இறக்கை மீள்கிறதா என்று முதலில் பாருங்கள். மீண்டால், நோயாளியின் வடிவத்தை அதே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் குரோமோசோமில் ஒரே ஆட்-பி தளத்தில் (செருகலை ஏற்கும் குறித்த இடம்) செருகினால்தான் அளவு சமமாக இருக்கும். மனித வடிவமே மீட்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு ஈ பதில் சொல்லாது. செல் வளர்ப்பு செய்பவரிடம் அனுப்பிவிடுங்கள்.